கடல் சில்லுக்கு ஆறு குடம் நல்ல தண்ணி

அம்மணி,

இன்று காலையில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்கக்கா, காலி டிரம் ஏதாச்சும் இருக்குங்களா? தண்ணி பிடிச்சு வெக்கோணும்" என்றாள். எதிர்வீடு என்று எழுதிவிட்டேன், பார். உன் வீடுதான். பின்பக்கம் விறகுக்குப் பக்கத்தில் கிடந்த நீல டிரம்மை இழுத்துச் சாய்த்தேன். அடியில் காய்ந்து வெடித்துக் கிடந்த வண்டலுக்குள் நகத்தளவு ஒரு பச்சைக் கண்ணாடிச் சில்லு இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடல் வாசம் துளியும் இல்லை. நம்ம போர்த் தண்ணியின் துரு வாசம்தான் அடித்தது.

அவளிடம் டிரம் ஓட்டை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல டிரம்தான். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத் தெரியாதா என்ன?

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. வாங்கிப் படிக்க ஆளில்லாத கடுதாசியை எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றும் ஆகப்போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

நம் காம்பவுண்டில் நாலு வீடு, இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி, அதாவது நல்ல தண்ணி. எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம். இன்னொன்றில் போர்த் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. அது எப்போதும் வரும். குளிக்க, துவைக்க, கழுவ அது. குடிக்க, சமைக்க இது. வெளியூர்க்காரர்கள் வந்தால் கோயமுத்தூர்த் தண்ணி மாதிரி உண்டா என்று ஒரு டம்ளரை நீட்டிப் பீற்றிக்கொள்வோம். ஆனால் வீட்டுக்குள் அந்த டம்ளரில் மீதி வைத்தால் பிள்ளைகள் முதுகில் ஒன்று விழும். காம்பவுண்டு எங்கள் மாமனாருடையது, மோட்டார் சுவிட்சு என் சமையலறையில், குழாயடியில் யார் முதலில் பிடிப்பது என்று தீர்ப்புச் சொல்வதும் நானே. "குழாய் மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்று நீதான் எனக்குப் பட்டம் கட்டினாய். எனக்கும் உள்ளுக்குள் அது பிடித்துத்தான் இருந்தது.

நீ பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். உன் வீட்டுக்காரர் பம்பு செட்டுப் பவுண்டரியில். உன் பெண்ணுக்கு ஏழு வயது. ஐப்பசியில் ஒரு வாரக் காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், ஒன்பதாம் நாள் அவள் இல்லை. இதை இப்படி ஒரு வரியில் எழுதக்கூடாதுதான். ஆனால் அது நடந்ததும் அவ்வளவு வேகத்தில்தான்.

அதற்குப் பிறகு நீ சாக்பீஸைத் தொடவில்லை. லீவு போட்டாய், லீவை நீட்டித்தாய். தலை சீவ மறந்தாய். அடுப்பில் பால் பொங்கி வழிய, அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பாய். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்காவது வெளியூர் கூட்டிட்டுப் போங்க" என்றார். உன் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கோழிக்கோட்டில் என் சித்தி மகன் ஜவுளிக்கடை வைத்திருந்தான். தை மாதத்தில் நான்தான் உன்னைக் கிளப்பிக்கொண்டு போனேன். நீ கடலைப் பார்த்ததே இல்லை என்பது ரயிலில்தான் எனக்குத் தெரியும். "முப்பத்தி மூணு வயசாச்சு, கடலைப் பாக்காத டிராயிங் டீச்சரா! அப்புறம் பசங்களுக்கு என்னத்த அலையும் கப்பலும் போட்டுக் குடுத்தே?" என்றேன். "காலண்டரைப் பாத்துத்தானுங்க அக்கா" என்றாய். மூன்று மாதத்தில் நீ பேசிய முழு வாக்கியம் அதுதான்.

கடற்கரையில் நீ கடலைப் பார்க்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். கிளிஞ்சல், சோழி உடைசல், பீங்கான் துண்டு, அலையில் உருண்டு முனை மழுங்கிப்போன ஓட்டுச் சில்லு, பால் பூத்த மாதிரி மங்கிப்போன பச்சையும் நீலமுமான கண்ணாடி. பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் கட்டினாய். எனக்குக் கால் வலி, பசி. "இதென்ன கெரகம், குப்பை பொறுக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கத்தினேன். நீ ஒரு கண்ணாடிச் சில்லை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடி அழுத்தினாய். நான் அலறிக் கையை உதறினேன். "பயப்படாதீங்கக்கா. உடைஞ்சதுதான். ஆனா கிழிக்கறதில்லை பாருங்க" என்றாய்.

மூன்று நாளும் விடிந்தால் கடற்கரை, பொழுது சாய்ந்தால் கடற்கரை. திரும்பும்போது என் துணிப்பை, உன் துணிப்பை, சித்தி மகன் கடையின் மஞ்சள் பை எல்லாம் நிறைந்துவிட்டன. பாலக்காடு தாண்டும்போது டிக்கெட் பரிசோதகர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்துவிட்டு நம்மிருவர் முகத்தையும் பார்த்தார். நான் உடனே, "பூஜைக்குங்க" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாய். பெண் போன பிறகு நீ சிரித்தது அன்றுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உன் வாசலுக்கு நேர் எதிரே என் சமையலறையின் பின்சுவர். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் உயரம் அளந்து பென்சிலில் கோடு போட்ட சுவர். "அக்கா, இந்தச் செவுத்தைக் குடுங்க. இந்தச் சில்லையெல்லாம் சிமெண்ட்டுல வெச்சு ஒரு படம் பண்ணோணும்" என்று கேட்டாய். நீ ஒன்றைக் கேட்கிறாயே என்கிற சந்தோஷத்தில், "வீட்டையே எடுத்துக்கோ, போ" என்றேன். மற்ற வீட்டுக்காரிகளுக்குச் சிரிப்பு. ஊரெல்லாம் மொசைக்கைத் தரையில் போட, டீச்சர் மட்டும் செவுத்துல போடறாங்க என்று கேலி பேசினார்கள். நீ எதையும் காதில் வாங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

தொட்டி விரிசல் பூச வந்த கொத்தனாரிடம் யோசனை கேட்டாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "கடல் சாமானுங்களா? அப்படியே வெச்சுடாதீங்க டீச்சர். தினம் தண்ணி மாத்தி அஞ்சு நாளாச்சும் நல்ல தண்ணில ஊறோணும். சிமெண்ட்டும் நல்ல தண்ணிலதான் கலக்கோணும். துளி உப்பு இருந்தாலும் பொரிஞ்சு தள்ளிப்போடும்" என்றார். இதை நான் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. "கேட்டீங்களா டீச்சர், துளி உப்பு ஆகாதாம்" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னவள் நான்.

அந்த வாரம் பார்த்து கோபிசெட்டிபாளையத்தில் உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சிறுவாணி வந்த அன்று உன் பங்கில் ஆறு குடம் பிடித்து, வெள்ளைத் துணியால் வாய்கட்டி, என் சமையலறையில் வரிசையாக வைத்தாய். நீல டிரம்மில் சில்லுகள். "தினம் ஒரு குடமுங்க அக்கா. பழைய தண்ணியை ஊத்திப்போட்டு இதை ஊத்தோணும். ஆறாவது சிமெண்ட்டுக்கு. நான் வந்து கலக்கிக்கறேன். மறந்துறாதீங்க" என்றாய். பஸ்ஸுக்குக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "மறந்துறாதீங்கக்கா" என்று மறுபடியும் சொன்னாய். "அட, போய்த் தொலை கண்ணு! எனக்குத் தெரியாதா?" என்று விரட்டினேன்.

மறுநாளே எங்கள் பெரிய மாமனார் வீட்டு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் ஏழு உருப்படி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் என் வீட்டில் வந்து இறங்கினார்கள். நாலு நாள் தங்கினார்கள். என் குடங்கள் ஒரே நாளில் காலி. உப்புத் தண்ணியில் துவரம்பருப்பு வேகாது, காப்பி வாயில் வைக்க விளங்காது. பெரிய மாமியார் வேறு, முதல் டம்ளரை முகம் சுளித்துக்கொண்டு கீழே வைப்பவர். நான் என்ன செய்தேன் தெரியுமா, அம்மணி? உன் முதல் குடத்தின் துணியை அவிழ்த்தேன். பிறகு இரண்டாவது. பிறகு எல்லாம். ஒவ்வொன்றையும் போர்த் தண்ணியால் கழுத்து வரை நிரப்பி, அதே துணியால், நீ போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அந்த முடிச்சுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தண்ணியை எடுத்ததாவது அவசரத்துக்கு. முடிச்சு அப்படியில்லை.

தினம் ஒரு குடம் தவறாமல் டிரம்மில் மாற்றினேன். கிளிஞ்சலுக்கு என்ன தெரியப்போகிறது எந்தத் தண்ணி என்று? வாய்விட்டே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நீ வந்ததும் வராததுமாக, "தண்ணி மாத்துனீங்களாக்கா?" என்றாய். "அஞ்சு நாளும் மாத்திட்டேன், போ" என்றேன். ஆறாவது குடத்தை நீயே தூக்கிக்கொண்டு போய், தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்ட்டில் ஊற்றிக் கலந்தாய்.

அந்த நாற்பது நாளை எப்படிச் சொல்வது? சுவரைக் கொத்தி, கீழிருந்து மேலே, கையகலம் கையகலமாகப் பூசிப் பதித்தாய். கலவை காய்வதற்குள் வைக்க வேண்டும் என்பதால் சாப்பாட்டையும் மறந்து நின்றாய். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் அரித்துப் புண். நல்லெண்ணெய் தடவிவிட்டேன். என்ன படம் என்று கேட்டால், "தெரியலீங்கக்கா, கை போற பக்கம் போகுது" என்பாய். கீழே ஓட்டுச் சில்லின் செம்மண் நிறம், அதன்மேல் கிளிஞ்சல் வெள்ளை, பிறகு பச்சை, பிறகு நீலம். சாயங்கால வெயில் பட்டால் சுவரே ஈரமாக இருக்கிற மாதிரி தெரியும். ஒருநாள் உன் வீட்டுக்குள்ளிருந்து முணுமுணுப்பாகப் பாட்டுச் சத்தம் கேட்டது. உன் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பங்குனிக் கடைசியில் நீ தலை சீவிப் பூ வைத்துப் பள்ளிக்கூடம் போனாய். "கடவுள்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு சண்டை போட்டுட்டு இருந்தேங்கக்கா. இப்ப சண்டையை நிறுத்தியாச்சு. சும்மா பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றாய். எனக்கு அது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே சந்தோஷப்பட்டேன்.

மூன்றரை அடிக்கு மேல் நீ போகவில்லை. சில்லு இன்னும் மிச்சமிருந்தது, சுவரும் இருந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். "அவ உசரம் அவ்வளவுதானுங்களே அக்கா" என்றாய். பென்சில் கோட்டுக்கு நேராக முடித்திருந்தாய்.

ஐப்பசி மழை பிடித்தது. முதலில் சில்லுகளுக்கு நடுவே மாவு தெளித்த மாதிரி வெள்ளை பூத்தது. துடைத்தாய், மறுபடி பூத்தது. பிறகு பொரிய ஆரம்பித்தது. முதல் சில்லு பகல் பதினோரு மணிக்கு விழுந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் என் கையிலிருந்த அரிசி கொட்டிப்போயிற்று. கார்த்திகைக்குள் பாதி உதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் அந்தச் சில்லுகளை எடுத்துக் கட்டம் போட்டு நொண்டி விளையாடினார்கள். நீ அவர்களைத் திட்டவில்லை. முறத்தில் அள்ளி ஓரமாகக் கொட்டினாய்.

ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாய். "என்ற கை ராசி அப்படியாட்ட இருக்குதுங்கக்கா. நான் வெச்சது எதுவும் நிக்கறதில்லை" என்றாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது கேள்வி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நீ இடிந்துபோவாய், உனக்காகத்தான் சொல்லவில்லை என்று வருஷக்கணக்காக எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். குழாய் மகாராணி, ஆறு குடம் தண்ணியைத் திருடினாள் என்று உன் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை. "கடல் சாமான் அப்படித்தான். நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டாய். நாலு வருஷம், ஏதோ சமைத்தாய், ஏதோ துவைத்தாய். ஆனால் தினம் சாயங்காலம் நான் வெளியே வந்து உட்கார்ந்தால் நீயும் வந்து உட்காருவாய். பேச மாட்டாய். நானே ஊர்க்கதை, கேபிள் டி.வி. நாடகக் கதை என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். நடுவில் கொஞ்சம் மௌனம் வந்தால் எனக்குப் பயம், அதனால் இன்னும் வேகமாகப் பேசுவேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாரேங்கக்கா" என்று எழுந்து போவாய்.

போன வருஷம் மஞ்சள் காமாலை. தாமதமாகத்தான் சொன்னாய், தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். தினம் காய்ச்சி ஆறவைத்த சிறுவாணித் தண்ணியை பிளாஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்தேன். கடைசிக்கு முந்தின நாள், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மஞ்சளாய்ப் போன கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். "நல்ல தண்ணிங்க அக்கா" என்றாய். "பின்னே, உனக்கு வேற எதைக் கொண்டாருவேன்?" என்று சொன்னேன். சொன்னேனே, பாவி! அப்போதும் சொன்னது அதைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்க வந்தார். ஊரோடு போய்விடுவதாகச் சொன்னார். சாவியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவளுக்குத் தெரியுமுங்க" என்றார். எனக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மொதச் சில்லு விழுந்தப்பவே எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தா. 'இது கடல் உப்பு இல்லீங்க, நம்ம போர்த் தண்ணிக் கடுப்பு'ன்னா. நான் வந்து உங்களைக் கேக்கறேன்னு எந்திரிச்சேன். கையைப் புடிச்சு உக்கார வெச்சுட்டா. 'நாமளாக் கேட்டா அக்கா ஒடிஞ்சுபோவாங்க, பொறவு என்ற மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. அவங்க வாயிலயே ஒருநாள் வரும். அன்னைக்கு அவங்களக் கூட்டிக்கிட்டு மறுபடியும் கடலுக்குப் போயிப் பொறுக்கிட்டு வந்து மொதல்ல இருந்து வெக்கோணும்'னா. நான் கூட்டிட்டுப் போறேன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தனுங்க. 'அக்கா வராம அது ஆகாதுங்க'ன்னுட்டா. தினம் சாயங்காலம் உங்க பக்கத்துல வந்து உக்காந்தது அதுக்குத்தானுங்க. உள்ள வந்தா, 'இன்னைக்கும் இல்லீங்க'ம்பா."

இன்னைக்கும் இல்லீங்க. நாலு வருஷச் சாயங்காலங்கள், அம்மணி. நான் மாமியாரைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். நீ அதில் ஏதாவது ஒன்றின் நடுவில் அந்த ஒரு பேச்சு வந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். கெட்டுப்போனது சுவர்தான் என்று நான் நினைத்தேன். சுவரை மறுபடி பூச உனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காததற்கு நீ என்ன செய்வாய்?

காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற்றவில்லை. கோயிலில் சொல்லிப் பார்த்தேன், கொடுமுடிக்குப் போய்க் காவேரியில் முங்கியெழுந்தும் பார்த்தேன், அங்கே கேட்க யாரும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஆறு கொடம் தண்ணிக்கா இவ்வளவு?" என்றார். நான் இப்போது சுமந்துகொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு பேச்சு. காய் நறுக்கும்போதும், டவுன் பஸ்ஸில் போகும்போதும் தொண்டைவரை வந்து நின்றுகொள்கிறது. 'நல்ல தண்ணியை நான் எடுத்துப்போட்டேன் கண்ணு, உப்புத் தண்ணிதான் ஊத்துனேன்.' யாரிடம் வேண்டுமானாலும் இதை இப்போது சொல்லிவிட முடியும். கேட்டதும், "செரிங்கக்கா, எப்பக் கெளம்பலாம்?" என்று கேட்டிருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.